வளைவில் நம்மைத் தள்ளுவது யார்?

பேருந்தில் போகிறீர்கள். வண்டி வலப்பக்கம் வளைகிறது. நீங்கள் இடப்பக்கம் சாய்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் மோதுகிறீர்கள். "பார்த்து உட்காருங்க" என்கிறார் அவர். உங்களைத் தள்ளியது யார்? பின்னால் இருப்பவர் தள்ளவில்லை. ஓட்டுநரும் தள்ளவில்லை. பிறகு யார்?

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம்.

பழைய துணியை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டுங்கள். அதை இரண்டு முழக் கயிற்றின் நுனியில் கட்டுங்கள். திறந்த வெளியில் நின்று, தலைக்கு மேலே சுற்றுங்கள். உருண்டை வட்டமாகச் சுற்றுகிறது. கயிறு விறைப்பாக இருக்கிறது. உங்கள் கை உருண்டையை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இப்போது கயிற்றை விட்டுவிடுங்கள். உருண்டை தொடர்ந்து சுற்றுகிறதா? இல்லை. விட்ட நொடியில் எந்தத் திசையில் போனதோ, அந்தத் திசையில் நேராகப் பறக்கிறது. பிறகு தரையில் விழுகிறது.

கவணில் கல் வைத்துச் சுற்றிப் பறவை விரட்டுபவருக்கு இது நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் தெரியும். சக்கரத்தில் ஒட்டிய சேறு, பிடி விட்டதும் தெறித்து ஓடுகிறது. அது நம் முதுகில் படாமல் தடுக்கத்தான் மட்கார்டு இருக்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஓடும் பொருள் தானாக வளையாது. நேராகப் போகத்தான் பார்க்கும். அது வட்டமாகப் போக வேண்டுமானால், ஏதாவது ஒன்று அதை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இழுப்புக்கு மையநோக்கு விசை என்று பெயர்.

எப்போதும் கயிறு தேவையில்லை. நிலா பூமியைச் சுற்றுகிறது. அதை இழுப்பது பூமியின் ஈர்ப்பு. 1975ஆம் ஆண்டு விண்ணுக்குப் போன நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. அதைப் பூமியைச் சுற்ற வைத்ததும் இதே ஈர்ப்புதான்.

சரி, பேருந்துக்குக் கயிறு எது? டயர் சாலையைப் பிடிக்கும் பிடிதான் கயிறு. அந்தப் பிடியால் பேருந்து வளைகிறது. உங்கள் உடம்போ நேராகப் போகப் பார்க்கிறது. அதனால்தான் சாய்கிறீர்கள். யாரும் உங்களைத் தள்ளவில்லை!

இனி வேகத்துக்கு வருவோம். ஒரு வளைவை முழு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் நடுவிலிருந்து சாலை வரை 50 மீட்டர். வண்டியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் இருக்கிறார். வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அவரை வளைவோடு கொண்டுபோக, ஏறத்தாழ 8.5 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை வேண்டும். வேகம் 60 கிலோமீட்டர் ஆனால்? 34 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். வேகம் இரண்டு மடங்கு. தேவைப்படும் விசை நான்கு மடங்கு!

காய்ந்த சாலையில் டயர் இதைத் தாங்கிப் பிடிக்கலாம். மழை ஈரத்தில், மணலில், சாலையில் காயப்போட்ட தானியத்தின் மேல் பிடி குறைந்துவிடும். பிடி போனால் கயிறு அறுந்த மாதிரிதான். வண்டி வளையாமல் சாலையை விட்டு வெளியே ஓடும்.

உயரமாகப் பாரம் ஏற்றினால் இன்னொரு ஆபத்து. டயர் கீழே வளைகிறது. மேலே இருக்கும் பாரம் நேராகப் போகப் பார்க்கிறது. வண்டி குடை சாய்கிறது.

ஆகவே, வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவில் தானியம் காயப்போடாதீர்கள். டிராக்டர் பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். ஓட்டுபவர் நம் வீட்டுப் பிள்ளையானாலும், "மெதுவாகப் போப்பா" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கூடிப் பேசுவோம்:

1. உங்கள் ஊர்ச் சாலையில் ஆபத்தான வளைவு எது? அங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா?

2. சில வளைவுகளில் சாலையின் வெளி ஓரத்தை உயர்த்தி, உட்பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். ஏன்?