டிரம்ஸ் இல்லாத மேடையில் ஐந்து பேர்

இத்தாலியின் வெரோனா நகரத்துக்கு ஜூலியட் பெயரில் கடிதங்கள் வருகின்றன. ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டேதான். நாடகத்தில் வருகிறவள், அதுவும் கடைசிக் காட்சியில் செத்துப்போகிறவள். அவளுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு பேராசிரியர் உட்கார்ந்து பதில் போட்டுக்கொண்டிருந்தார் என்றொரு பத்திரிகைச் செய்தி, எல்விஸ் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலப் பாடகருக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு உருவானதுதான் 'தி ஜூலியட் லெட்டர்ஸ்'. ஒரு குரல், இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மொத்தம் 20 உருப்படிகள், பெரும்பாலும் கடித வடிவில். 1992 ஜூலையில் லண்டனில் மேடையேறி, 1993 ஜனவரியில் ஆல்பமாக வந்தது.

காஸ்டெல்லோ தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் ரகம். 1977இல் முதல் ஆல்பம். கையில் எலெக்ட்ரிக் கிடார், தொண்டையில் எரிச்சல், அதுதான் அவர் முத்திரை. அப்பா ராஸ் மக்மானஸ் ஒரு பெரிய நடன இசைக்குழுவில் பாடகராக இருந்தவர். மகனுக்கோ நொட்டேஷன் எழுத வராது. ராக் இசையில் அது ஒரு குறையே இல்லை, கிடாரை மீட்டிக் காட்டினால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நால்வர் தந்தி இசைக் குழுவிடம் அந்த வேலை நடக்காது. அவரோடு இந்த ஆல்பத்தில் சேர்ந்த பிராட்ஸ்கி குவார்ட்டெட், 1972இல் மிடில்ஸ்பரோ நகரத்தில் சிறு வயதிலேயே சேர்ந்து வாசிக்கத் தொடங்கிய அப்படியொரு குழு. ரஷ்ய இசையமைப்பாளர் ஷாஸ்டகோவிச்சை வாசிப்பதில் பேர் வாங்கியவர்கள். அவர்கள் வாசித்த ஷாஸ்டகோவிச்சைக் கேட்டுத்தான் காஸ்டெல்லோ அவர்களிடம் ஒட்டிக்கொண்டார். தன் எண்ணங்களைத் தாளில் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே, நாற்பதை நெருங்கும் வயதில் நொட்டேஷன் எழுதக் கற்றுக்கொண்டார்.

ஒரு பாடகர் இப்படி வாத்தியக்காரர்களோடு சேர்ந்து எழுத வருவது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். நான் கோடம்பாக்கத்தில் வயலின் செக்‌ஷனில் வாசித்துக் குடும்பம் நடத்தியவன். ஸ்டாண்டில் தாள் இருக்கும், ஹெட்போனில் கிளிக் ஓடும். எட்டு பார் வாசி, பன்னிரண்டு பார் சும்மா இரு, மறுபடி வாசி. பாடுகிறவர் யார், பாட்டு எதைப் பற்றி என்பது தெரியாமலே பல கால்ஷீட் முடிந்திருக்கிறது. தியேட்டரில் கேட்கும்போதுதான் "அட, இது அம்மா சென்டிமென்டா!" என்று தெரியும். குற்றமாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

மேல்நாட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான். பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' பாட்டைப் பால் மெக்கார்ட்னி 1965 ஜூன் 14ஆம் தேதி தனியாகக் கிடாரோடு பாடிப் பதிவு செய்தார். நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்தது மூன்று நாள் கழித்து. அற்புதமான பாட்டு, சந்தேகமில்லை. ஆனாலும் முடிந்துபோன பாட்டுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் அந்த நால்வரும்.

ஜூலியட் லெட்டர்ஸில் யாரும் பின்னால் வரவில்லை. ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து, மெட்டை மட்டுமல்ல, வார்த்தைகளையும் சேர்ந்தே எழுதினார்கள். எல்லாம் காதல் கடிதம் என்று நினைத்துவிடாதீர்கள். சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர்களை ஒரு கிழவி எழுத்திலேயே விளாசுகிறாள். பிரிந்துவிட்ட அப்பா அம்மாவுக்கு ஒரு குழந்தையின் துண்டுச் சீட்டு இருக்கிறது. தபாலில் கேட்காமலே வந்து விழும் விளம்பரக் கடிதம்கூட ஒரு பாட்டு.

டிரம்ஸ் இல்லையென்றால் காலப்பிரமாணத்தை யார் பிடிப்பது? கொஞ்சம் செல்லோ. வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியைச் சுண்டும்போது பேஸ் கிடாரின் வேலை நடந்துவிடுகிறது. மீதி எல்லாம் மூச்சு. முதல் வயலின்காரர் மூக்கால் உள்ளிழுக்கும் மூச்சின் வேகத்தில்தான் அடுத்த அடியின் வேகம் இருக்கிறது. பிராட்ஸ்கி குழுவில் செல்லோ வாசிப்பவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், மற்ற மூவரும் நின்றே வாசிப்பார்கள். நின்று வாசித்தால் உடம்பே சைகை ஆகிவிடும், கண்டக்டர் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் ஸ்தாயி. ஆண் குரல் உலவும் இடமும் செல்லோ நன்றாகப் பேசும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் வார்த்தை காதில் விழாது. அதனால் பாட்டு வரியின்போது செல்லோ கீழே இறங்க வேண்டும், அல்லது வாயை மூட வேண்டும். நம் கச்சேரியில் பக்கவாத்திய வயலின் பாடகரை நிழலாகத் தொடரும், அவர் விட்ட இடத்தைத் திருப்பிச் சொல்லும். இங்கே தொடர்வது கிடையாது. குரல் ஒன்று சொன்னால் வயோலா அதை மறுக்கும், இரண்டாவது வயலின் முணுமுணுக்கும்.

வளைகுடாப் போரில் இருக்கும் ஒரு பெண் சிப்பாய் எழுதும் கடிதத்தைக் கேளுங்கள், பெயர் 'ஐ தாட் ஐ'ட் ரைட் டு ஜூலியட்'. உண்மையிலேயே காஸ்டெல்லோவுக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து உருவான பாட்டு அது. முடிவில் விமானத் தாக்குதல் சைரன் ஒலிக்கிறது, தந்திகளிலேயே. நாம் ஜாரு என்கிறோமே, அதே வித்தைதான். விரலைத் தூக்காமல் தந்தியோடு அழுத்தி மேலே இழுக்க வேண்டும், வில்லின் எடை மட்டும் மாறக் கூடாது. மாறினால் சைரன் பூனைக் கத்தலாகிவிடும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். காஸ்டெல்லோவின் குரல் மேல்ஸ்தாயியில் இறுகுகிறது. சில இடங்களில் நாடக பாணி தூக்கலாகிவிடுகிறது. நடுவில் இரண்டு மூன்று பாட்டுகளில் எழுத்தின் சாமர்த்தியம் தெரிகிற அளவு மனசு தெரியவில்லை. ராக் ரசிகர்களில் பலர் அப்போது முகம் சுளித்தார்கள்.

ஆனால் அடுத்தவர் எல்லைக்குள் போய்ப் பார்க்கும் அந்தப் பழக்கம் இரண்டு தரப்புக்கும் விட்டுப்போகவில்லை. பிராட்ஸ்கி குழுவினர் பிறகு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கோடு சேர்ந்தார்கள். 1999 டிசம்பரில் லண்டன் யூனியன் சேப்பல் தேவாலயத்தில் அவர் பாட, இவர்கள் வாசித்தார்கள். காஸ்டெல்லோ 2000இல் இத்தாலிய நடனக் குழு ஒன்றுக்காக 'இல் சோன்யோ' என்ற பாலே இசையை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தானே எழுதினார். லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா அதைப் பதிவு செய்து, 2004இல் வெளியானது.

புதிதாகக் கேட்பவர்கள் வரிசைப்படி போக வேண்டாம். ஆறாவதாக வரும் அந்தக் கிழவியின் கடிதத்தில் தொடங்குங்கள், சிரிப்பு வரும். பிறகு சிப்பாய், பிறகு கடைசிப் பாட்டு. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், செல்லோ பாதிக்கு மேல் காணாமல் போய்விடும்.