கைமாறும் ரேந்தை

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். அவர்கள் கட்டிய கோட்டைகளில் பல இன்று சிதைந்துவிட்டன. அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ எமது வீடுகளில் அப்படியே இருக்கின்றன. அலுமாரி, யன்னல், மேசை, சப்பாத்து ஆகிய யாவும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. பெருநாள் சட்டையின் கழுத்தோரத்திலும் தலையணை உறையின் விளிம்பிலும் நாம் தைக்கும் 'ரேந்தை'யும் அவ்வாறே வந்தது. போர்த்துக்கேய மொழியில் அது 'ரெண்டா'.

சொல்லோடு தொழிலும் வந்தது. காலி, மாகல்லை, வெலிகம, திக்வெல்லை எனத் தென்கரையோரம் நெடுகப் பெண்கள் செய்யும் பீரளு ரேந்தை அந்தக் காலத்தில் வந்ததென்றே கூறப்படுகிறது. பீரளு என்பது நூல் சுற்றிய சிறு மரக்கட்டை. அதற்குப் போர்த்துக்கேயர் வழங்கிய 'பில்ரு' என்ற பெயர் சிங்கள நாவில் பீரளு ஆயிற்று. இதே கலையை அவர்கள் பிரேசிலுக்கும் கொண்டு போனார்கள். வலை உள்ள இடத்தில் ரேந்தையும் இருக்கும் என்று பிரேசில் கரையோரத்தில் ஒரு பேச்சு உண்டு. ஆண் மீன்வலை முடிவான், பெண் நூல்வலை பின்னுவாள் என்பது கருத்து. வெலிகமைக்கும் அது அச்சொட்டாகப் பொருந்துகிறது.

கினிகத்தேனையிலிருந்து பார்த்தால் பீரளு தூரத்து உறவுதான். எங்கள் பக்கத்தில் கைவேலை என்றால் பெரும்பாலும் தையல், அல்லது கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே. எந்தப் பின்னலானாலும் அடிப்படைப் பிரச்சினை ஒன்றுதான்: இதைப் புத்தகத்தை மட்டும் பார்த்துப் படிப்பது கடினம். பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

ஏன் என்பதைப் பீரளுவை வைத்தே விளக்கலாம். மரச்சட்டத்தில் ஓர் உருளைத் தலையணை. அதன்மேல் வரைபுத்தாளில் வரைந்து ஊசியால் துளையிட்ட மாதிரிக் கடதாசி. துளைகளில் குண்டூசிகள். ஊசிகளிலிருந்து சோடி சோடியாகத் தொங்கும் பீரளுகள். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் கை ஒரு நேரத்தில் தொடுவது நான்கு பீரளுகளை மட்டுமே. அவற்றுக்கு இரண்டே அசைவுகள். நடுவிலுள்ள இரண்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேலாகப் போட்டால் அது குறுக்கல். ஒவ்வொரு சோடியிலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததன் மேலாகப் போட்டால் அது முறுக்கல். குறுக்கல், முறுக்கல், மீண்டும் குறுக்கல் என்று செய்தால் துணிபோல நெருக்கமாக வரும். கடைசிக் குறுக்கலை விட்டுவிட்டால் சல்லடைபோல இடைவெளி விழும். ரேந்தையின் பூவும் இலையும் வெற்றிடமும் இந்த இரண்டு அசைவுகளின் கணக்குத்தான்.

கணக்கு எளிது, பிழையோ தந்திரமானது. ஒரு முறுக்கலை மறந்தால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. நாலைந்து ஊசி தாண்டியபின் ஒரு சோடி வரவேண்டிய இடத்துக்கு வராமல் நிற்கும். புதிதாகப் பழகுபவர் நிற்கும் இடத்தையே வெறித்துப் பார்ப்பார். பழகிய கண்ணோ இரண்டு வரிசை பின்னே போய்ப் பார்க்கும். இந்தப் பார்வையை எழுத்தில் கொடுப்பது கடினம். அதனால்தான் ரேந்தைக்காரிகள் எந்த நாட்டிலும் கூடி இருந்து வேலை செய்தார்கள். இன்று அந்தக் கூட்டம் கைத்தொலைபேசிக்குள்ளும் இடம் மாறியிருக்கிறது. ஒருவர் தன் பின்னலைப் படம் பிடித்து அனுப்புகிறார். எங்கோ இருக்கும் ஒரு மூதாட்டி, "பிள்ளை, இதற்கு முந்திய சுற்றைக் காட்டு" என்கிறார்.

இப்படிக் கேட்கப்படும் கேள்விகளில் எமக்கு மிக நெருக்கமான ஒன்று தொப்பி. வாப்பாவுக்கோ நானாவுக்கோ தொழுகைத் தொப்பி பின்னத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு சிக்கல் வரும். உச்சி வட்டம் ஒன்றில் கிண்ணம் போலக் குழியும், அல்லது சட்டைச் சுருக்கு மாதிரி அலை அலையாக எழும்பும். கைநடுக்கமும் நூலின் தரமும் இதற்குக் காரணமல்ல, வட்டத்தின் கணிதமே காரணம். தட்டையான வட்டம் வளர வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் குறித்த எண்ணிக்கையில் கண்ணிகளைக் கூட்ட வேண்டும். குட்டைக் கண்ணியானால் சுற்றுக்கு ஏறக்குறைய 6, அதற்கு அடுத்த நெட்டைக் கண்ணியானால் ஏறக்குறைய 12. குறைத்தால் குழியும், மிகைத்தால் அலையும். எந்த அளவில் கூட்டுவதை நிறுத்துவது? தலையின் சுற்றளவை 3.14 ஆல் வகுத்துப் பாருங்கள். 56 சென்டிமீற்றர் தலைக்கு வட்டத்தின் விட்டம் 18 சென்டிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதற்குமேல் கூட்டாமல் பின்னினால் சுவர் தானாகக் கீழிறங்கும். கணித பாடத்தில் பை எதற்கு என்று கேட்கும் தங்கைமாருக்கு இதைக் காட்டலாம்.

இன்னொரு குழப்பம் பெயர்களில். பிரித்தானியர் 'டபுள் குரோஷே' என்று சொல்லும் கண்ணியை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். பிரித்தானியரின் 'ட்ரெபிள்' அமெரிக்கருக்கு 'டபுள்'. பழைய பிரித்தானியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கக் காணொளியைப் பார்த்தால், அளவு பொருந்தாமல் அரைநாள் வேலையைப் பிரிக்க நேரும். இதற்கு நல்ல வழி குறியீட்டு வரைபடம். சங்கிலிக் கண்ணிக்கு முட்டை வடிவம், குட்டைக் கண்ணிக்குப் பெருக்கல் அல்லது கூட்டல் குறி, நெட்டைக் கண்ணிக்குக் குறுக்குக்கோடு போட்ட ஆங்கில 'டீ' எழுத்து. ஜப்பானியப் புத்தகத்தை ஓர் எழுத்தும் தெரியாமல் பின்னி முடிக்கலாம். கட்டைப் பின்னலிலும் இப்படியொரு நிற ஒழுங்கு உண்டு. துணிபோன்ற நெருக்கப் பின்னல் ஊதா, அரைப்பின்னல் பச்சை, முழுப்பின்னல் சிவப்பு. யாரோ சிலர் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருத்திக்கும் விளங்கட்டும் என்று இதை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். எனக்கு ரேந்தையை விட இந்த ஒழுங்குதான் அழகாகத் தெரிகிறது.

எப்போதும் இப்படிக் கொடுத்து வாங்கும் மனம் இருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. ரேந்தை சோறு போடும் தொழிலாக இருந்த இடங்களில் மாதிரிகள் இரகசியமாகவே இருந்தன. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது குரோஷே ரேந்தைதான் பல வீடுகளைக் காப்பாற்றியது. அங்கே சில குடும்பங்கள் தமக்கே உரிய பூ வடிவத்தை அயலாருக்குக் காட்டாமல் காத்தன. பசி இருக்கும் வீட்டில் இதைக் குறை சொல்ல முடியாது.

இந்த நிலையை மாற்றியது இயந்திரம். இங்கிலாந்தில் ஜோன் ஹீத்கோட் 1809இல் வலைத்துணி நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லப்பரோ நகரிலிருந்த அவரது தொழிற்சாலையை ஆயுதங்களோடு வந்தவர்கள் உடைத்தார்கள். அவர் வேறூருக்குப் போய்த் தொடர்ந்தார். நாளடைவில் ஐரோப்பாவில் கைரேந்தை பெரும்பாலும் பிழைப்புக்கான தொழிலாக இல்லாமற் போயிற்று. ஆனாலும் கலை அழியவில்லை, பொழுதுபோக்காகப் பின்னியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். விற்பனை இல்லாததால் ஒளிக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. மாதிரிகள் பகிரப்பட்டன. ஸ்லோவேனியாவின் இத்ரியா நகரில் 1876இல் தொடங்கிய ரேந்தைப் பள்ளி இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. அந்நாட்டின் கட்டை ரேந்தையை யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே பொழுதுபோக்குக்காரர் கலையைக் காப்பாற்றினார்கள். இங்கேயோ 'பொழுதுபோக்கு' என்ற அதே சொல் பெண்களின் உழைப்பை மறைக்கவும் பயன்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் பெற்றோர் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூர் என்றோர் ஊர். அங்குள்ள பெண்கள் வீட்டுக்குள் இருந்தபடியே பின்னிய குரோஷே ரேந்தை வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. வீட்டுவேலையோடு சேர்த்து ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் ஊசி பிடித்த அப்பெண்களை யாரும் தொழிலாளர் என்று எண்ணவில்லை. இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே பேச்சு. கூலியும் அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி இருந்தது. வேலையும் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள், முழு மேசைவிரிப்பைச் சந்தைக்குக் கொண்டு போவது வியாபாரி. தன் பூ எங்கே போய் என்ன விலைக்கு விற்றது என்பதைப் பின்னியவள் அறியமாட்டாள்.

இதற்கு நேர்மாறான கதை நாகர்கோவிலில் நடந்தது. 1819இல் அங்கு வந்த மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, தன் பெண் பாடசாலையில் ரேந்தை வேலையைக் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே இருந்தது. அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் அங்கிருந்தார்கள். கழுத்தோர அலங்காரம் என்று நாம் நினைக்கும் பொருள் ஒருத்தியின் விடுதலைக்கு விலையாகியிருக்கிறது. மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் மணந்தவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாமறிந்த கால்டுவெல். தாயிடம் கண்ட கைவேலையை அவர் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லைப் பாடத்தில் படிக்கும் நாம் எலைசாவின் பெயரைக் கேள்விப்படுவதே இல்லை.

எங்கள் தென்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அடித்த ஆழிப்பேரலை பீரளு செய்யும் கரையோர வீடுகளையும் விடவில்லை. உருளைத் தலையணைகளும் கட்டைகளும் மாதிரிக் கடதாசிகளும் அலையோடு போயின. தலையணையைத் தச்சர் மறுபடி செய்து கொடுக்கலாம். ஒரு வீட்டில் மட்டும் இருந்த மாதிரி போனால் போனதுதான். அயல்வீட்டுக்காரி எப்போதோ பிரதி எடுத்திருந்தால் மட்டுமே அது திரும்பி வரும். காலிக் கோட்டைக்குள் லேன் பான் வீதியிலுள்ள பழைய மாளிகை அருங்காட்சியகத்தில் பீரளு பின்னுவதை இன்றும் நேரில் காணலாம். சுற்றுலா போகும் வகுப்புகள் வெளிச்சவீட்டோடு திரும்பிவிடாமல் அங்கும் அரைமணி நேரம் நிற்பது நல்லது.

இனி, கினிகத்தேனையில் பழக விரும்பும் ஒருவருக்குச் சில நடைமுறை விடயங்கள். குரோஷேக்கு ஒரு கொக்கியும் ஒரு நூற்பந்தும் போதும். பீரளு முறையைச் சும்மா விளங்கிக்கொள்ள ஓர் இறுக்கமான தலையணை, நான்கு சோடி பென்சில் துண்டுகள், தடித்த நூல் இருந்தால் போதும். ஆனால் எங்கள் மழையை மறக்கக் கூடாது. இரும்புக் குண்டூசியை நாட்கணக்கில் குத்தி வைத்தால் கறள் பிடித்து வெள்ளை நூலில் மஞ்சள் புள்ளி விழும். அது கழுவினாலும் இலேசில் போகாது. ரேந்தைக்காரர்கள் பித்தளை ஊசி பாவிப்பதன் காரணம் அதுவே. பின்னி முடித்ததை ஈரப்பதத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வரும் நாளில் நன்றாக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 'எனக்கு வரவில்லை' என்றால் எதிரிலிருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. வேலையைத் தட்டையாக வைத்து முன்புறம், பின்புறம் இரண்டையும் காட்ட வேண்டும். எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி வந்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணும்போதே பாதிப் பேருக்குப் பிழை தானாகப் பிடிபட்டுவிடும். சொல்லிக்கொடுப்பவர் செய்யும் தவறு, மாணவியின் கையிலிருந்து ஊசியை வாங்கித் தானே பின்னிக் காட்டுவது. அவசரத்தில் உம்மாமார் செய்வது பெரும்பாலும் இதுவே. பிழையைக் காட்டிவிட்டு ஊசியைப் பிள்ளையின் கையிலேயே விட்டால் பழக்கம் வரும்.

விற்பதானால், தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரு தொப்பிக்கு எத்தனை மணித்தியாலம் போனதென்று தெரியாமல் விலை சொன்னால், நூல் விலைக்குச் சற்று மேலே ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிடுவோம். நரசாப்பூர்க் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதே கொப்பியில் ஒவ்வொரு பின்னலிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு பின்னி ஒட்டி, நூலின் இலக்கத்தையும் கொக்கியின் அளவையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். தங்கையோ விடுதித் தோழியோ பிறகு அதைப் பிரதி எடுக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.