சூரமங்கலத்தில் ஒரு ரயில் கணக்கு

சூரமங்கலத்தில் இருக்கிற சேலம் ஜங்ஷனில் ரயில் கிளம்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? எக்ஸ்பிரஸ் சட்டென்று வேகமெடுக்கும். டீ கிளாஸும் கையுமாக நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்! சரக்கு ரயிலோ கொக்கிகள் 'டங் டங்'கென்று இழுபட, ஊர்ந்துதான் நகரும்.

ஏன் இந்த வித்தியாசம்? எஞ்சின் இழுக்கும் விசையில் உராய்வு போக மிஞ்சுவதை நிறையால் வகுத்தால் முடுக்கம், அதாவது வேகம் கூடும் வீதம். 1687-இல் வெளிவந்த நியூட்டனின் நூலில் பிறந்த விதி இது.

மிஞ்சும் விசை 3 லட்சம் நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 1,200 டன் எக்ஸ்பிரஸ் பத்தே நொடியில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். 4,800 டன் சரக்கு ரயில்? இரண்டேகால்தான். நடந்தே முந்திவிடலாம்.

எதுவுமே மிஞ்சாவிட்டால்? ஓடுகிற ரயில் நின்றுவிடாது. அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.