சத்து இருந்தும் ஏன் புல் இல்லை?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது வன்னியம்பட்டி. ஊர்ப்பெயரில் வன்னி, ஆனால் விருதுநகர் மாவட்டத்துத் தரிசுகளிலும் கண்மாய்களிலும் மண்டிக் கிடப்பதோ சீமைக் கருவேலம்!

இரண்டும் நெருங்கிய உறவு மரங்களே. வன்னி நம் நாட்டு மரம். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்கட்டும் என்று, 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் விதைத்தார்கள்.

மாணவர்களே, சீமைக் கருவேலத்தின் அடியில் தரையைப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் சருகுதான், புல் பூண்டு அரிது. "மண்ணின் சத்தை மரம் உறிஞ்சிவிட்டது" என்பார்கள். அது சரியா?

இம்மரத்தின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வாழ்கிறது. மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. அது காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. உதிர்ந்த இலைகளை வேறு நுண்ணுயிர்கள் மக்கச் செய்து, சத்தை மண்ணில் சேர்க்கின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்னியின் வேரடி மண்ணைவிடச் சீமைக் கருவேலத்தின் வேரடி மண்ணில் பாஸ்பரஸ் அதிகமாகவே இருந்தது!

அப்படியானால் தடுப்பது எது? அதே மண்ணில் உப்புகளும் பீனால் சேர்மங்களும் கூடுதலாக இருந்தன. சீமைக் கருவேலச் சருகை இட்டபோது நாட்டுச் செடிகள் மிகுதியாக மடிந்தன. வன்னிச் சருகால் அவ்வளவு சேதமில்லை. இலைச்சாற்றிலுள்ள பீனால்களும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலமும் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இன்னொரு வியப்பு: தாயகமான வெனிசுலாவில் இதே மரத்தடியில் செடிவகைகள் பெருகியிருந்தன! அங்குள்ள செடிகள் நெடுங்காலம் அதனுடன் வாழ்ந்து பழகியவை. நம் செடிகளுக்கோ அது புதிய அண்டை வீட்டுக்காரர்.

நீங்களே சோதிக்கலாம். இரு மரங்களின் இலைகளையும் சம எடை எடுத்து, சம அளவு நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். மூன்று தட்டுகளில் ஈரத்தாள் பரப்பிப் பத்துப் பத்துப் பாசிப்பயறு இடுங்கள். இரண்டு தட்டுகளுக்கு அந்தச் சாறுகள். மூன்றாவதற்கு வெறும் நீர். ஐந்தாம் நாள் வேர்களை அளந்து ஒப்பிடுங்கள். முள் கவனம்!

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது. வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுத்து, சருகையும் அள்ளிய பிறகே அந்த இடத்தில் நாட்டு மரம் நட வேண்டும். அது ஏன் வன்னியாக இருக்கக் கூடாது?