தாராவியில் நடக்கிறவர்கள், போடியைக் கடக்கிறவர்கள்

மூணாறு போகும் வேன்கள் தேனி மாவட்டத்துப் போடியில் டீக்கு நிற்கும். பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகள், போடிமெட்டு, குளிர்காற்று. ஊருக்குள் யாரும் நடப்பதில்லை. 2010 இறுதியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்பிவந்த பிறகும் அப்படித்தான்.

நெரிசலான நகரத் தெருக்களையே சுற்றுலாவாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மும்பை தாராவியில் 2005-ல் தொடங்கப்பட்ட 'ரியாலிட்டி டூர்ஸ்' அவர்களில் முக்கியமானது. சிறு குழுவாக அழைத்துப் போவார்கள். வழிகாட்டிகளில் பலர் அப்பகுதி இளைஞர்களே. பிளாஸ்டிக் பிரிக்கும் கூடங்கள், தோல் பட்டறைகள், கும்பார்வாடாவின் பானைச் சூளைகள் என்று நடை நீளும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் என்பதால் தாராவி நமக்கு அந்நியமல்ல. லாபத்தில் 80 சதவீதம் அங்குள்ளவர்களின் கல்வி, பயிற்சிக்குப் போகிறது என்கிறது நிறுவனம். டெல்லி பஹார்கஞ்சில் சலாம் பாலக் அறக்கட்டளையின் நடைக்கு வழிகாட்டுவது, ஒருகாலத்தில் தெருவில் வாழ்ந்த பிள்ளைகள்.

வறுமையைக் காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்ற எதிர்ப்பு ஆரம்பம் முதலே உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. சந்தில் நின்றால் அடுப்படி வரை தெரியும் வீட்டில், வாசல்தான் மறைவு. அதனால்தான் தாராவி நடையில் படமெடுக்கக் கூடாது என்ற விதியை, அந்த 80 சதவீதத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

போடியிலும் அப்படி ஒரு நடை நடத்தினால் காட்ட என்ன இருக்கிறது? நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. இடுக்கி மலையில் விளைந்த ஏலக்காய் மாதிரித் தட்டில் வரும். வியாபாரி கையில் அள்ளி, நிறம் பார்த்து, முகர்ந்து, கணினியில் விலை கேட்பார். பின்பு சல்லடையில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று காய் பிரியும். வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ளுவது பெண்களின் விரல்கள். பாயசத்தில் மிதக்கும் ஒரு காய்க்குப் பின்னால் இத்தனை பேர்.

அழைத்துப் போகிறவரின் பொறுப்பு என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று அருகிலுள்ள குரங்கணியின் காட்டுத்தீயில் மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் வகுத்தது. ஊருக்குள் நடத்தும் நடைக்கு ஆபத்து வேறு வகை: காய் பொறுக்கும் பெண்ணின் அரைநாள் கூலி, அவர் முகம். நடை தொடங்குமுன் கேட்க வேண்டியது அவரிடம்தான். வேண்டாம் என்றால் அந்தக் கதவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்.