சாளை சொல்லும் வரலாறு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது பழமொழி. நம் கொங்கு நாட்டு உழவர்கள் அந்தத் தனி வளையை ஊருக்குள் மட்டும் அமைத்துக்கொள்ளவில்லை. கிணறும் பயிரும் மாடும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று தோட்டத்தின் நடுவிலும் வீடு கட்டினார்கள். அதற்குச் சாளை என்று பெயர். அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து மாணவியருக்கு இச்சொல் புதிதன்று. ஆனால் ஒரே சாளை தலைமுறைதோறும் ஏன் மாறியது என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

தொடக்கத்தில் சாளை மிக எளியது. மண்சுவர், பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய தரை, முன்னே ஒரு திண்ணை. பனை தோட்டத்து ஓரத்தில் நின்றது. மண் காலடியில் கிடந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, மாடுகளுக்குக் கட்டுத்தரை, ஆடுகளுக்குப் பட்டி, தானியம் அடிக்கக் களம். வீட்டைவிட வெளியிடமே பெரிது!

விளைச்சல் பெருகிய குடும்பங்கள் தொட்டிக்கட்டு வீடு கட்டின. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதுவே தொட்டி. நாற்புறக் கூரையும் அதை நோக்கிச் சரிந்திருக்கும். வீட்டுக்குள் சூடான காற்று தொட்டி வழியே மேலேறிப் போகும். அதன் இடத்துக்கு வாசல் பக்கத்துக் காற்று வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் இதுதான் விசிறி. வந்தவர் அமர ஆசாரம், பாத்திரம் பண்டம் ஏற்றி வைக்க அட்டாலி. சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்த சாந்து சுவருக்கு உறுதி தந்தது.

அடுத்து மாறியது கூரை. ஓலை போய் நாட்டு ஓடு வந்தது. 1860களில் பாசல் மிஷன் என்னும் கிறித்தவ சபையார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓடு பின்னர் நம் பக்கத்துக்கும் வந்தது. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் 1862இல் இணைத்த இருப்புப்பாதை திருப்பூர் வழியாகவே செல்கிறது அல்லவா?

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் தோட்டங்களுக்குப் பரவப் பரவ, காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியது. கட்டுத்தரையில் மாடுகள் குறைந்தன. 1970, 1980களில் பனியன் தொழில் ஓங்கியபோது, உழவர் குடும்பங்கள் பலவும் அதில் இறங்கின. மாடு கட்டிய இடத்தில் கொட்டகை போட்டு, தையல் எந்திரங்களை வைத்தவர்களும் உண்டு.

இம்மாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் பழைய பண்ணை வீடுகளின் பெரிய கூடத்தில், நடுத்தரையில் தீ மூட்டினார்கள். புகை கூரை வரை சூழும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி கட்டினார்கள். புகை ஒழியவே, கூடத்தின் குறுக்கே தளம் அமைத்து மாடி அறைகள் எடுத்தார்கள். அத்தகைய வீடுகள் பலவற்றை அந்நாட்டார் இன்றும் பேணிக் குடியிருக்கிறார்கள்.

நம் சாளைகளின் நிலை என்ன? சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது தொட்டியின் குறுக்கே சுவர் எழுகிறது. தொட்டியைத் தகரத்தால் மூடினால் காற்றும் வெளிச்சமும் போய்விடுகின்றன. தோட்டம் வீட்டுமனையாகும்போது சாளை இடிபடுகிறது; தேக்குத் தூண் விலைக்குப் போகிறது. சென்னை அருகே 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். எல்லா வீட்டையும் அப்படிக் கொண்டுபோக இயலுமா?

வீடு மாறுவது தவறன்று. மாறியதால்தான் சாளை இத்தனை காலம் வாழ்ந்தது. எதை மாற்றுகிறோம் என்று அறிந்து மாற்ற வேண்டும் என்பதே நம் கருத்து. பெற்றோர்களே, தொட்டியை மூடுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தோழியரே, இந்த விடுமுறையில் அப்புச்சியிடமோ அம்மாயியிடமோ கேட்டு, அவர்கள் சாளையின் படத்தை வரைந்து வையுங்கள். எந்தச் சுவரை யார் கட்டினார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்று கேட்காவிட்டால் நாளை யாரைக் கேட்போம்?

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு