துருப்பிடித்த ஜீப் கதவு... ஒட்டுப் போட்டால் போதுமா, மாற்ற வேண்டுமா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப், பிக்கப் வண்டிகளின் கதவுகளுக்கு மலை மழையும் பனியும்தான் எதிரி.

கதவு பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கிறது. கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் மழைநீர், கதவின் அடித்துளைகளில் வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் தேங்கித் தகரத்தைத் தின்றுவிடும். துருவின் மேலேயே பட்டி பூசினால் காசு வீண். சீக்கிரமே உப்பிப் பெயரும்.

நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும். ஒரேயடியாக வைத்தால் சூட்டில் தகடு நெளியும். பிறகு ரெட் ஆக்சைடு, பட்டி, பெயின்ட். கதவு முழுக்கப் போயிருந்தால், பழைய வண்டி உடைக்கும் கடையில் நல்ல கதவு தேடலாம்.

கீல் பிடிக்கும் தூணே அரித்திருந்தால் மட்டும் ஒட்டு வேலை வேண்டாம். வளைவில் கதவு திறந்துகொண்டால் போவது உயிர்.

மழைக்கு முன் ஒரு கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். பைசா செலவில்லை!